எங்கள் தார்சாவில் பகடை உருட்டும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கும், அவளோடு சேர்ந்து நம் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகள் எல்லோருக்கும்,

வாசுதேவநல்லூரிலிருந்து மாமா எழுதிக்கொள்வது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி போட்டு முடித்திருக்கலாம்தான். ஆனால் நான் சொல்ல வந்த நன்றி நம் வீட்டுக்குள் முடிகிற சங்கதி இல்லை. பிள்ளை கையில் பகடையைக் கண்டாலே முகம் சுளிக்கிற பெற்றோர் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். இந்த விளையாட்டைப் பல வருஷம் ஆடிவிட்டு, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளோடு நமக்கு ஒத்துவராது’ என்று ஒதுங்கிக்கொண்ட என் வயதுக்காரர்களும் உண்டு. இரண்டு தரப்பார் கண்ணிலும் படட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ‘மலைப்பாதை இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்கிறீர்கள்?’ என்று நடத்துகிறவர் கேட்பார். செய்ய நினைப்பதை இவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். பந்தயமும் கிடையாது, பணமும் கிடையாது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவர். ஒரு பெட்டிக்குள் மூன்று மெல்லிய புத்தகங்கள். முதலில் அச்சானது 1000 பெட்டிதான்.

ஆர்னெசன் மினசோட்டாக்காரர். அங்கே மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் போர் விளையாட்டு ஆடுகிற ஒரு கூட்டம் இருந்தது. அதில் ஒருவரான டேவிட் வெஸ்லி 1960களின் கடைசியில் ஒரு புதுமை செய்தார். ஆட வந்தவர்களுக்கு ஆளுக்கொரு படையைக் கொடுக்காமல், ஆளுக்கொரு மனிதரைக் கொடுத்தார். ஒருவர் ஊரின் மேயர், இன்னொருவர் வங்கிக்காரர், இப்படி. அன்றைக்கு யாரும் சொன்னதைக் கேட்டு ஆடவில்லையாம். அவரவர் பாத்திரத்துக்குள் புகுந்துகொண்டு மூலைக்கு மூலை ரகசியம் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் முளைத்ததுதான் ஆர்னெசன் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டம். பிளாக்மூரிலிருந்துதான் மற்றதெல்லாம்.

1980களின் தொடக்கத்தில் நான் மேற்படிப்புக்குப் போனதும் அதே மினசோட்டாவுக்குத்தான். பனி கொட்டுகிற மாதங்களில் வெளியே போக வழியில்லாத சனிக்கிழமை ராத்திரிகளில், உடன் படித்த ஒருவனின் வீட்டு நிலவறையில் எனக்கு இந்த விளையாட்டு அறிமுகமானது. அந்த மேசையின் ஒழுங்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு ஒருவன் வாய். எல்லோருடைய முடிவையும் அவன்தான் எடுத்துச் சொல்வான். ஒருவன் கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைவான். அவன் ஒரு வாசலைத் தவறவிட்டால் எல்லோரும் சுரங்கத்துக்குள் வழி தெரியாமல் மாட்டிக்கொள்வோம். ஒரு பந்தம் எவ்வளவு நேரம் எரியும் என்பதற்குக் கணக்கு உண்டு. பத்தடிக் கழியால் தட்டிப் பார்க்காமல் தரையில் கால் வைக்க மாட்டோம். மந்திரவாதியாக ஆரம்பித்தால் நாலு முகப் பகடையை ஒருமுறை உருட்டுவதுதான் உங்கள் உயிர். ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு நீங்கள் சும்மா நிற்கிற ஆள்தான். உயிர் சுழிக்கு வந்தால் செத்தது செத்ததுதான். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பகடைகளில் எண் குழிவாக மட்டும் இருக்கும், வண்ணம் இராது. பெட்டிக்குள்ளேயே ஒரு மெழுகு வண்ணக்குச்சி வைத்திருப்பார்கள். தேய்த்து, துடைத்து, எண் தெரியவைத்துக்கொள்வது நம் வேலை. என்னுடைய இருபது முகப் பகடை நீல நிறம். வெள்ளைக் குச்சியால் தேய்த்தேன். இப்போது உங்கள் பெட்டியில் கிடப்பது அதுதான். விளிம்பு மழுங்கி, 17க்கும் 11க்கும் வித்தியாசம் தெரியாமல் நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்களே, அதே பகடை.

அந்த நண்பர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. மேசை நடுவில், எல்லோரும் பார்க்க உருட்டு, விழுந்ததை மாற்றாதே. இதை அவர்கள் எனக்குப் பழக்கிவிட்டார்கள். நம் ஆச்சியும் தாயம் ஆடும்போது அப்படித்தான் இருப்பாள். பித்தளைக் கட்டை கிடைக்காத நாளில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கி வைத்துக்கொள்வாள். அவள் காயை நான் வெட்டினால் ஒரு பேச்சு பேச மாட்டாள். என் காயை வெட்டும்போது பேரன் என்று பார்க்கவும் மாட்டாள். நிலவறையில் முதன்முதலாகப் பகடையைக் கையில் வாங்கியபோது எனக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அவள்தான் காரணம்.

ஆனால் அந்த மேசையில் வேறொன்றும் இருந்தது. 1977இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்ற அரக்கர் புத்தகத்தில் ராட்சசன் உண்டு. புலித் தலை, கனவான்கள் வீட்டில் போடும் மேலங்கி, வாயில் புகைக்குழாய். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துவிடுவான் என்று குறிப்பு. ஒரு ராத்திரி அந்த ராட்சசன் எங்கள் கதைக்குள் வந்தான். மேசையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ‘உன் ஊர் ஆள்தானே, சொல், இவனை எப்படிக் கொல்வது?’ அவர்கள் கெட்டவர்கள் அல்ல, பிரியமாகத்தான் கேட்டார்கள். எனக்கோ ராட்சசன் என்றால் பத்துத் தலையோடு வீணை வாசித்த ராவணன். தோல்பாவைக் கூத்தில் விளக்குத் திரைக்குப் பின்னால் அவன் எழுந்து வரும்போது சின்னப் பிள்ளைகள் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். புகைக்குழாய் பிடிக்கிற புலியைப் பற்றி நான் அவர்களுக்கு என்ன சொல்வது? 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போனது. இந்திரன், அக்னி, காளி எல்லோருக்கும் இத்தனை உயிர், இத்தனை கவசம் என்று அட்டவணை போட்டிருந்தது. அடித்தால் வீழ்த்திவிடலாம் என்கிற கணக்கில் நம் அம்மனைப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ செய்தது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் படித்து வளர்ந்த கதைகள் வேறு. ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், டோல்கியன் என்று கைகாக்ஸ் தம் 1979ஆம் வருஷத்துப் புத்தகத்தின் பின்னிணைப்பில் பட்டியலே கொடுத்திருக்கிறார். அதில் நம் பக்கத்து ஆள் யாரும் இல்லை.

நான் படித்த மினசோட்டா பல்கலைக்கழகத்திலேயே தெற்காசிய மொழிகளில் தோய்ந்த ஒரு பேராசிரியர் இருந்தார், எம். ஏ. ஆர். பார்க்கர். உருதுப் பாடநூல்கள் எழுதியவர். ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ என்ற அவருடைய விளையாட்டு 1975இல் வந்தது. கோட்டை, குதிரை வீரன், குள்ளன் என்று ஐரோப்பாவைச் சுற்றாமல், கிழக்கையும் பழைய அமெரிக்க நாகரிகங்களையும் கலந்து, தனி மொழியோடு ஒரு உலகத்தையே படைத்திருந்தார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2022இல், வேறு பெயரில் அவர் எழுதிய நாஜி ஆதரவு நாவல் ஒன்று உண்டு என்பதை அவர் படைப்புகளைக் காக்கும் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் மண்ணை அறிந்த ஒருவர் நம்மைப் பற்றி எழுதினால் போதும் என்று அத்தனை வருஷம் நம்பியிருந்தேன். நாமே எழுத வேண்டும் என்ற முடிவுக்கு அன்றுதான் வந்தேன்.

மருமகளே, நீ அந்தத் தடித்த புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து வைத்தது அந்த நேரத்தில்தான். ‘ஜர்னிஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்’, 2022 ஜூலையில் வந்தது. 13 சாகசங்கள், எழுதியவர்கள் எல்லோரும் கறுப்பின, பழுப்பின எழுத்தாளர்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரலாற்றில் அப்படி ஒரு புத்தகம் அதற்கு முன் வந்ததில்லை. அதை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். அவர் குடும்பத்துக்கும் நம் மாநிலத்துக்கும் உள்ள தொடர்பை நீதான் எனக்குச் சொன்னாய். கிருஷ்ணகிரி மாவட்டம் பாலிகானப்பள்ளியில் ‘சாந்தி பவன்’ என்று ஏழைப் பிள்ளைகளுக்கான உண்டுறைவிடப் பள்ளி இருக்கிறதே, அதைத் தொடங்கியவர் அவர் தந்தை ஆபிரகாம் ஜார்ஜ். அஜித்தும் அந்தப் பள்ளியின் நிர்வாகத்தில் பல வருஷம் உழைத்தவர். 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ அந்தப் பள்ளிப் பெண்களைப் பற்றியதுதான். ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காக உழைத்த ஒருவர்தான் உலகம் முழுக்க ஆடுகிற இந்த விளையாட்டுக்கு இப்படி ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்று அறிந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அதே புத்தகத்தில் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் எழுதிய ‘இன் த மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா’ இருக்கிறது. தலித் எழுத்தாளர், தொகுப்பாசிரியராக ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். வங்காளத்தின் சாயலில், ஆறுகளும் மூடுபனியுமாக ஒரு நாடு. ஒரு போட்டி நடக்கும்போது ஆற்று நீர் சுவர்போல் எழுந்துவந்து போட்டியாளர் ஒருத்தியை வாரிக்கொண்டு போகிறது. அவளைத் தேடிப் போவதுதான் கதை. அந்த ஆறு ஒருவர் குளித்து வளர்ந்த ஆறு என்று படிக்கும்போதே தெரிந்தது. அஜித் ஜார்ஜுக்கும் மிமி மண்டலுக்கும், அந்தப் புத்தகத்தில் எழுதிய ஒவ்வொருவருக்கும் இந்த மடல் வழியாக என் வணக்கமும் நன்றியும்.

அதோடு நிறுத்தாமல், ‘மாமா, அவங்க ஆத்தை அவங்க எழுதிட்டாங்க. நம்ம மலையை நாம எழுதுவோம்’ என்று நீ சொன்னாயே, அதற்கு உனக்குத் தனியாக நன்றி.

சங்கரன்கோவிலுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற நம் ஊருக்குக் கதைப் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. மண்கோட்டை இருந்த ஊர். 1759 டிசம்பரில் யூசுப்கானின் படை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பிய கோட்டை. பூலித்தேவர் ஆண்ட நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான். மேலே தலையணை அருவி. ஊர் நடுவே ஆணும் பெண்ணும் பாதிப்பாதியாக நிற்கிற அர்த்தநாரீசுவரர். அந்தக் கோயிலின் மரம் புளியமரம். இவ்வளவையும் வைத்து நீ ஒரு நாட்டைக் கட்டினாய். செம்மண் கோட்டைக்குப் பீரங்கிக் குண்டைச் சுவருக்குள் வாங்கிக்கொள்ளும் குணம் கொடுத்தாய். எலுமிச்சைத் தோட்டத்துக்குக் காவலாக ஒரு மாடன். வெயில் காலத்தில் வற்றி, சாரல் காலத்தில் பேசுகிற ஓர் அருவி. ராட்சசன் உன் நாட்டிலும் வந்தான். கூடவே அவனுக்கு ஒரு தாயும் பசியும் நியாயமும் வந்தன. அவனை எப்படிக் கொல்வது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவனோடு எப்படிப் பேசுவது என்றுதான் உங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தீர்கள்.

இனி செஷன் ஜீரோவுக்கு வருகிறேன். என் காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. உட்கார்ந்தோம், பகடையை உருட்டினோம், சுரங்கத்துக்குள் இறங்கினோம். நீங்கள் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு முழுச் சாயங்காலம் பேசினீர்கள். எதைக் கதையில் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரவே கூடாது, யாருக்கு எது ஆகாது. சாத்தூர்ச் சேவும் சுக்குக் காப்பியும் தீர்ந்தும் பேச்சு தீரவில்லை. உங்களில் ஒருவன், பெயரைச் சொல்ல மாட்டேன், தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டான். ‘கதைக்குள்ள யாரும் யாரையும் எந்தத் தெருன்னு கேக்கக் கூடாது. அதை மட்டும் ரூலா வச்சுக்கலாமா?’

வெளியூர்க்காரர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையிலும் பேருந்திலும் கல்யாண வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார இடம் தருகிறவர்கள் இருக்கிற ஊர் இது. ஒருவரும் விவாதிக்கவில்லை. மருமகள் நோட்டில் முதல் விதியாக அதை எழுதிக்கொண்டாள். அடுத்த விதியும் அங்கேயே பிறந்தது: வரலாற்று வீரர்கள் யார் பெயரையும் பாத்திரத்துக்கு வைப்பதில்லை. அவர்களுக்குள் இல்லாத பிரிவினையை அவர்கள் பெயரால் இன்று வளர்க்கிறார்கள். அந்தச் சண்டை நம் மேசைக்கு வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்கள். வெவ்வேறு தெருவைச் சேர்ந்த ஆறு பேர் ஒரே தட்டில் கை நனைத்துக்கொண்டு அன்று உட்கார்ந்திருந்தீர்கள். என் வாழ்நாளில் நம் வீட்டுத் தார்சா அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. எங்கள் அப்பா காலத்தில் அது நடந்திருக்கவே நடந்திருக்காது. பகடை நியாயமாக விழ வேண்டும் என்று என் தலைமுறை பிடிவாதம் பிடித்தது. பகடையைக் கையில் எடுப்பதற்கு முன்பே மேசை நியாயமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்கிறீர்கள். உங்களுக்கு நான் நன்றி சொல்ல முதல் காரணம் இதுதான்.

அந்த அட்டையையும் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை ஒன்றை நறுக்கி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவில் வைத்தீர்கள். எக்ஸ் கார்டு என்றீர்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் கொண்டுவந்த ஏற்பாடு அது. கதை தாங்க முடியாத இடத்துக்குப் போனால் யார் வேண்டுமானாலும் அட்டையைத் தொடலாம். உடனே கதை திரும்ப வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. என் மினசோட்டா நண்பர்களில் சிலருக்கு இதைச் சொன்னபோது, ‘ஆபத்து இல்லாத ஆட்டம் என்ன ஆட்டம்?’ என்று கேட்டார்கள். அவர்களுக்கு நான் நம் மேசையில் ஒரு ராத்திரி நடந்ததைத்தான் பதிலாகச் சொன்னேன்.

பூலித்தேவர் படையில் இருந்த ஒண்டிவீரன் கதை நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிரி முகாமில் புல்லுக்குள் ஒளிந்து கிடந்தபோது, குதிரை கட்ட வந்தவன் அடித்த முளை கையில் இறங்கியது; அப்போதும் அவர் சத்தம் போடவில்லை என்று சொல்வார்கள். பெயர் வைக்காவிட்டாலும் அந்தக் கதையின் நிழல் மருமகளின் கோட்டைக் கதையில் விழுந்திருந்தது. உங்களில் இளையவன் ஒருவன் ஆடும் ஒற்றன் வைக்கோலுக்குள் கிடக்கிறான். மேலே சிப்பாய் சுத்தியலைத் தூக்குகிறான். மருமகள் குரலைத் தாழ்த்தி, முளையின் நுனி கையைத் தொடுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லோரும் மேசைமேல் குனிந்திருந்தோம். அப்போது எதிர்ப்பக்கம் இருந்த ஒருவன் கையை நீட்டி அட்டையைத் தொட்டான். அவ்வளவுதான். மருமகள் ஒரு மூச்சு விட்டாள். ‘முளை சட்டைத் துணியில இறங்குது. கைக்கு ஒரு விரல்கடை தள்ளி. நீ அசைஞ்சா துணி கிழியுற சத்தம் கேக்கும். என்ன பண்ணுற?’ ஆட்டம் தொடர்ந்தது. பதற்றம் கொஞ்சமும் குறையவில்லை. துணி கிழிகிற சத்தத்துக்குப் பயந்து மூச்சுவிடாமல் கிடந்த அந்தப் பத்து நிமிஷம் போல் நிலவறை நாட்களில்கூட நான் அனுபவித்ததில்லை. தொட்டவனிடம் ஏன் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நம் ஊரில் ஒருவன் வேண்டாம் என்றால் காரணம் கேட்டே அவனைக் கொன்றுவிடுவோம். கேட்காமல் ஏற்றுக்கொள்கிற ஒரு கூட்டத்தை நான் உங்களிடம்தான் கண்டேன்.

அட்டையைத் தொட்ட அதே பையனுடைய பாத்திரம் பிற்பாடு அருவிக்கு மேலே வழுக்குப் பாறையில் நின்றது. மரணத்துக்கு எதிராக உருட்டலாம், மூன்று முறை தவறினால்தான் சாவு என்பது உங்கள் காலத்துச் சலுகை. மூன்றும் தவறியது. மருமகள் இரக்கப்பட்டு, இன்னொரு முறை உருட்டிக்கொள் என்றாள். ‘வேண்டாம்க்கா. விழுந்தது விழுந்ததுதான். மாமா ஒத்துக்க மாட்டாங்க’ என்று சொல்லிவிட்டு, தாளை மடித்து என்னிடம் நீட்டினான். அந்த மேசையில் என் பழைய நண்பர்களும் ஆச்சியும் உட்கார்ந்திருந்ததாகவே எனக்குப் பட்டது. தம்பி, அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. உன் பாத்திரத்துக்குக் கோட்டை வாசலில் நடுகல் நட வேண்டும் என்று எல்லோருமாக முடிவு செய்தோமே, அதற்கான வாசகத்தை எழுதிவைத்திருக்கிறேன்.

உங்களில் ஒருவன் பெண் பாத்திரம் எடுத்து ஆடுகிறான், மருத்துவச்சி. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் மனிதப் பெண்ணின் உடல் வலுவுக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு போட்டிருந்தார்கள். நிலவறையில் ஆண் எவனாவது பெண்ணாக ஆடினால் சிரிப்பும் கிண்டலும்தான் மிஞ்சும். இங்கே அவன் முதல் நாள் வாயைத் திறந்ததிலிருந்து ஒருவரும் சிரிக்கவில்லை. கணியான் கூத்தில் அண்ணாவி பாட, மகுடம் அதிர, பெண் வேடமிட்ட இருவர் விடியும்வரை ஆடுவதைப் பார்த்து வளர்ந்த மண் இது. கோயிலில் சாமியே பாதி பெண். நம்மிடம் முன்பே இருந்த ஒன்றை நீங்கள் மேசைக்குக் கொண்டுவந்தீர்கள். அந்த மருத்துவச்சிக்கு அவன் தன் பாட்டியின் பேச்சைக் கொடுத்திருக்கிறான். எதிரியின் காயத்துக்குக் கட்டுப் போடும்போதுகூடத் திட்டிக்கொண்டேதான் போடுவாள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவள் அவள்தான்.

நமக்குள் ஒத்துப்போகாத இடங்களும் இருக்கின்றன, அவை அப்படியே இருக்கட்டும். கைபேசியில் பகடை உருட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பாத்திரத்துக்கு நாலு பக்கம் முன்கதை எழுதிக்கொண்டு வருகிறீர்கள். ஆள் யார் என்பது ஆடி ஆடித்தான் தெரியவேண்டும் என்று நான் இன்னும் நினைக்கிறேன். 2015இல் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ நடிகர்களைப் பார்த்து வந்தவர்கள் நீங்கள். 2016இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்து வந்தவர்களும் உண்டு. குரல் மாற்றிப் பேசுவது உங்களுக்கு மூச்சுவிடுவதுபோல் வருகிறது. எனக்கு வரைபடம்தான் வருகிறது. சரி, நான் வரைகிறேன், நீங்கள் பேசுங்கள். ‘இனிஷியேட்டிவ் போடு’ என்று ஆங்கிலத்தில் தொடங்கி ‘ஏல, பின்னாடி பாரு’ என்று முடிகிற உங்கள் பேச்சு எனக்குப் பழகிவிட்டது. மினசோட்டாவில் அத்தனை வருஷம் ஆடியும் என் பாத்திரங்கள் ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. உங்கள் மேசையில்தான் முதன்முதலாக ஒரு பாத்திரம் என் வாயால் ‘ஏ ஐயா, கொஞ்சம் தண்ணி குடுங்க’ என்று கேட்டது.

எதிர்வீட்டு அத்தையை மறந்துவிடக் கூடாது. முதல் வாரம் வாசலில் நின்று, ‘வீட்டுல வச்சு என்னத்துக்குச் சூதாட்டம்?’ என்று கேட்டார். அவர் பயம் நியாயமானது. ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் அழிவதைப் பார்த்துவிட்டு 2023இல் அரசு தடைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் இது. அமெரிக்காவிலும் 1980களில் இந்த விளையாட்டைச் சாத்தான் வழிபாடு என்று சொல்லிப் பெற்றோர்கள் இயக்கமே நடத்தினார்கள். என் நண்பன் ஒருவன் தன் புத்தகங்களைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருந்தான். நீங்கள் ஒளிக்கவில்லை. அத்தையை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டீர்கள். ‘வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழுக்கப் பரமபதம் ஆடுவீங்கள்லா அத்தை, அதுல பாம்பு கடிச்சா ஏன் கடிச்சுதுன்னு கதை சொன்னா எப்படி இருக்கும், அதுதான் இது’ என்று மருமகள் விளக்கியதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இப்போது மாடன் என்ன பேசுவான் என்று சந்தேகம் வந்தால் அத்தையிடம்தான் கேட்கிறீர்கள். ராத்திரி நேரமானாலும் பெண்பிள்ளைகளை நம்பி அனுப்புகிற உங்கள் அம்மாமார்களுக்கும், கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற அண்ணன்மார்களுக்கும் நான் கடன்பட்டவன்.

ஒரு விஷயம் கேட்டு முடித்துக்கொள்கிறேன். கோட்டை வரைபடத்தைப் புதிதாக வரைந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். எடுக்கும்போது பார்த்துவிட்டு, ப்ளஸ் டூ படிக்கிற பையன் ஒருவனும் பிள்ளை ஒருத்தியும் தாங்களும் ஆட வரலாமா என்று கேட்டார்கள். உங்களைக் கேட்காமல் நான் சரி சொல்லவில்லை. அவர்களுக்காகச் செஷன் ஜீரோவை மறுபடி நடத்த வேண்டியிருக்கும். முதல் விதியை அதைக் கேட்டவனே சொன்னால் நன்றாக இருக்கும், அவனுக்குச் சம்மதமென்றால். ஆடித்தபசுக்கு எல்லோரும் சங்கரன்கோவில் வருவீர்கள் அல்லவா, மறுநாள் மதியம் எனக்குத் தோதுப்படும். குழுவில் பதில் போடுங்கள்.

அன்புடன்,
மாமா
வாசுதேவநல்லூர்